கவனக்குறைவு என்று எழுதி மூடாதீர்கள்

ஏசி பழுதுபார்க்கப் போன இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்தார் என்ற செய்தி கோடைக்காலத்தில் நாளிதழ்களின் உள்பக்கத்தில் வரும். பெயர், வயது, ஊர், எத்தனையாவது மாடி, எந்த மருத்துவமனை என்பதோடு முடிந்துவிடும். எப்படி நடந்தது என்று கடை முதலாளியிடமோ கூட வேலை பார்த்தவரிடமோ கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பையன் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்." காவல் நிலையத்திலும் அதுதான் எழுதப்படுகிறது. கடைசியில் பெற்றவர்களும் அதையே நம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. பாதுகாப்பைத் தனிப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, தொழில் பழகப் பழகத் தானாக வந்துவிடும், இரண்டு முறை ஷாக் அடித்தால் மூன்றாம் முறை கை வைக்க மாட்டான் என்பதே அது. ஒயரிங், ஏசி, ஃபிரிட்ஜ் வேலையில் இருப்பவர்களில் மிகப் பலர் இதை நம்புகிறார்கள். தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள், தங்களிடம் சேர்ந்த பையன்களைச் சொந்தத் தம்பிபோல் சாப்பிட வைத்துக் கூட்டிப்போகிறவர்கள்கூட நம்புகிறார்கள். அதனாலேயே இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கொள்கை தவறானது. தொழில் கற்க வந்த பிள்ளைகளின் உயிரை அது எடுத்துக்கொண்டிருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளைப் பார்த்தால், மின்சாரம் தாக்கி மட்டும் இந்தியாவில் ஆண்டுக்கு 12,000 பேருக்கு மேல் சாகிறார்கள். அத்தனை பேரும் தொழில்காரர்கள் இல்லைதான். ஆனால் மின்சாரத்தைத் தினமும் கையில் எடுப்பவர்களுக்குச் சொல்லித்தராத ஊரில் மற்றவர்களுக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

'பட்டால்தான் புத்தி வரும்' என்கிற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சூடான தோசைக்கல்லைத் தொட்ட குழந்தை அடுத்த முறை கிட்டே போகாது. தோசைக்கல் எப்போது தொட்டாலும் சுடும் என்பதால் அது சரியான பாடம். மின்சாரத்தில் அப்படி இல்லை. அதே 230 வோல்ட் ஒரு நாள் சுண்டிவிட்டுப் போகும், இன்னொரு நாள் ஆளையே முடித்துவிடும். உடம்பு வழியாக எவ்வளவு கரண்ட், எந்தப் பக்கமாக, எத்தனை நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. 1 மில்லி ஆம்பியர் என்றால் லேசான குறுகுறுப்பு. 10ஐத் தாண்டும் இடத்தில் கைத்தசை இறுகி, பிடித்த ஒயரை விட முடியாமல் போகத் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்து, கையை விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். 30க்கு மேல் மூச்சு திணறும். 50, 100 என்று ஏறும்போது சில நொடிகளிலேயே இதயம் தாறுமாறாகத் துடித்து ரத்த ஓட்டம் நின்றுபோகலாம்.

இப்போது கடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கை, ரப்பர் செருப்பு, மர ஸ்டூல். ஃபேஸில் கை பட்டுவிடுகிறது. ஜிவ்வென்று இழுக்க, கையை உதறுகிறான். மெக்கானிக் சிரித்துவிட்டு, "இப்பதாண்டா நீ கரண்ட்காரன்" என்கிறார். பையன் கற்றுக்கொண்டது என்ன? ஷாக் வலிக்கும், ஆனால் ஒன்றும் ஆகாது என்பதை. மே மாதத்தில் அதே பையன் சட்டை முழுக்க வியர்வையோடு, செருப்பைக் கழற்றிப்போட்டு, ஈரமான சன்ஷேடில் உட்கார்ந்து, ஒரு கையால் அவுட்டோர் யூனிட்டின் தகட்டைப் பிடித்தபடி மறு கையால் அதே ஃபேஸைத் தொடுகிறான். நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1,000 ஓமுக்கு இறங்கியிருக்கும். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். கையிலிருந்து கைக்கு, நெஞ்சைக் கடந்து ஓடுகிறது. முதல் ஷாக் சொல்லித்தந்த பாடத்தை நம்பித்தான் அவன் கை வைத்தான்.

"நான் நூறு தடவை ஷாக் வாங்கியிருக்கேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும் மூத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க உயிரோடு இருப்பவர்கள் மட்டுமே கேட்க முடியும். பிழைத்தவர்களின் அனுபவத்தை மட்டும் எண்ணி ஒரு தொழிலின் ஆபத்தை அளப்பது கணக்குப் பிழை.

அடுத்து, "மெயின்ல ட்ரிப்பர் இருக்கே" என்பார்கள். அவர்கள் சொல்லும் ட்ரிப்பர் பெரும்பாலும் எம்சிபி; வீடுகளில் அது 16, 20, 32 ஆம்பியர் என்று இருக்கும். ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் அதற்குக் கண்ணிலேயே படாது. அது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காக்க வைத்தது. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். அதுவும், எர்த்தோடு தொடர்பில்லாமல் ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையில் பிடித்தவனைக் காப்பாற்றாது. எம்சிபியும் ஆர்சிசிபியும் பெட்டியில் ஒரே மாதிரி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். வேறுபாட்டை யாராவது சொல்லாவிட்டால் ஷாக் வாங்கி எவனும் கண்டுபிடிக்க முடியாது.

நியூட்ரலில் ஷாக் அடிக்காது என்பதும் இப்படித்தான். நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால், ஆன் செய்த ஃபேன் வழியாகவோ பல்பு வழியாகவோ ஃபேஸ் வந்து அறுந்த முனையில் நிற்கும். மெயினை ஆஃப் செய்த வீட்டில் இன்வெர்ட்டர் தன் பாட்டுக்குச் சில சர்க்யூட்டுகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் டெஸ்டரின் சின்ன விளக்கு எரிவது தெரியாது; தெரியாததைப் பையன் 'கரண்ட் இல்லை' என்று எடுத்துக்கொள்வான். கரண்ட் உள்ள இடத்தில் ஒரு முறை சோதி, பிறகு வேலை செய்யும் இடத்தில் சோதி, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் சோதித்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று உறுதி செய். இந்த மூன்று படியைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் முப்பது வருடமானாலும் தானாக வராது.

கெபாசிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவுட்டோர் யூனிட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் அலுமினிய டப்பா மாதிரி நிற்கும். மெயினை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் மிச்சம் இருக்கலாம். வழக்கமான வைத்தியம், ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து 'டப்'பென்று பொறி பறக்கவிடுவது. பார்ப்பதற்கு வீரமாக இருக்கும், பையன் மறுநாளே அதைச் செய்வான். முனை உருகும், கண்ணில் தெறிக்கும். இன்வெர்ட்டர் ஏசி வந்த பிறகு இது இன்னும் மோசம். அதன் போர்டில் உள்ள கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி சில நிமிடங்கள் தங்கியிருக்கும். செய்ய வேண்டியது, 20 கிலோ ஓம் அளவில் நாலைந்து வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் ஒயர் கட்டி இன்சுலேஷன் போட்டு வைத்துக்கொள்வது, அதை முனைகளில் சில நொடி பிடிப்பது, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுவது. போர்டு என்றால் நிறுவனம் சொன்ன நேரம் காத்திருப்பது. அந்த ரெசிஸ்டரின் விலை சில ரூபாய். எத்தனை மெக்கானிக்குகளின் பையில் அது இருக்கிறது என்று பார்த்தால் இந்தத் தொழிலில் பயிற்சி எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அனுபவமே போதும் என்பவர்கள் கேஸ் விஷயத்தில் முற்றாகத் தோற்கிறார்கள். இன்று மூத்தவர்களாக இருக்கும் மெக்கானிக்குகள் ஆர்-22 கேஸில் தொழில் பழகியவர்கள். அது தீப்பிடிக்காது. லீக் ஆனாலும் பக்கத்தில் டார்ச்சைப் பற்றவைத்து பிரேசிங் செய்து பழகிய கை அது. அதிலும் ஆபத்து உண்டு: ஆர்-22 தீயில் பட்டால் முதல் உலகப் போரில் விஷவாயுவாக வீசப்பட்ட பாஸ்ஜீன்கூட உண்டாகும். ஓசோன் படலத்துக்காக மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஆர்-22 விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. இப்போது வீடுகளில் வருவது ஆர்-32. அதன் அழுத்தம் ஆர்-22ஐப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். காற்றில் 14 விழுக்காடு அளவு சேர்ந்தால் பற்றும். சில ஏசிகளில் இருக்கும் ஆர்-290 என்பது புரொபேன், 2 விழுக்காடு சேர்ந்தாலே போதும். வீட்டு ஃபிரிட்ஜுகளில் பரவிவிட்ட ஆர்-600ஏ ஐசோபியூட்டேன். இவை காற்றைவிடக் கனமானவை, தரையோடு படியும். சமையல் கேஸில் கலப்பதுபோல் இவற்றில் வாசனைப் பொருள் கலப்பதில்லை, லீக் ஆனால் மூக்குக்குத் தெரியாது. இருபது வருட ஆர்-22 பழக்கத்தை அப்படியே பையனுக்குக் கைமாற்றினால், அவன் ஆர்-290 கசிந்த அறையில் டார்ச்சைப் பற்றவைப்பான். இங்கே அனுபவமே ஆபத்தாகிறது.

இன்னும் இரண்டு வேலைகள். லீக் பார்க்க நைட்ரஜன் அடிக்க வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லை, பிரேசிங்குக்குக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் இருக்கிறது, "எல்லாம் கேஸ்தானே" என்று அதை ஏற்றுகிறார்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனும் கம்ப்ரெஸர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனே இருந்தாலும், நிரம்பிய சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், ரெகுலேட்டர் இல்லாமல் திறக்கக் கூடாது. ஏசியை இடம் மாற்றும்போது பம்ப் டவுன் செய்வார்கள், அதாவது கம்ப்ரெஸரை ஓட்டி கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துச் சேர்ப்பார்கள். குழாய் கழன்றோ வால்வு திறந்தோ கிடந்து, ஓடும் கம்ப்ரெஸர் காற்றை உள்ளே இழுத்துவிட்டால், ஆயில் ஆவியும் காற்றும் அழுத்தத்தில் சூடாகி கம்ப்ரெஸரே வெடிக்கும். வெளிநாடுகளில் இப்படி இறந்தவர்கள் உண்டு. இவற்றில் எதையும் பட்டுத் தெரிந்துகொள்ள இன்னொரு வாய்ப்பு கிடைக்காது. பெரிய ஐஸ் பிளான்ட்டுகளிலும் மீன் பதனிடும் ஆலைகளிலும் ஓடுவது அமோனியா. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே மெஷினைத் தொடாதவர்களுக்கும் பயிற்சி தேவை.

கவனக்குறைவு வாதத்துக்கு ஒரு புத்தகப் பரம்பரையும் இருக்கிறது. ஹைன்ரிக் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அலுவலர் தொழில் விபத்துத் தடுப்பைப் பற்றி 1931இல் ஒரு நூல் எழுதினார். விபத்துகளில் 88 விழுக்காடு ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால், 10 விழுக்காடு பாதுகாப்பற்ற சூழலால், மீதி 2 தவிர்க்க முடியாதவை என்றார். பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் இந்த எண்ணைக் கேட்கலாம். அவர் பார்த்த 75,000 விபத்துகளின் விவரங்கள் எங்கிருந்து வந்தவை? காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும் ஆலை உரிமையாளர்களின் பதிவுகளிலிருந்தும். தன் ஆலையில் ஏன் விபத்து நடந்தது என்று உரிமையாளரே எழுதினால் யார் மேல் பழி விழும் என்று சொல்லவா வேண்டும்? 

அந்தப் பழி இன்றும் எப்படி விழுகிறது என்று பார்க்க, சன்ஷேடிலிருந்து விழுந்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி, ஒன்றரை அடி அகலம், பாசி படிந்த சிமெண்ட். முப்பது கிலோ அவுட்டோர் யூனிட்டைக் கழற்ற வேண்டும். ஜன்னல் வழியாக வெளியே காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கம் ஒன்றுமில்லாமல் குனிகிறான். அவன் கால் வழுக்கியது என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தில் யூனிட்டை மாட்டச் சொன்னது யார்? உடல் முழுவதும் அணைக்கும் ஹார்னஸை அவன் பையில் வைக்காதது யார்? அதைக் கட்ட ஒரு கொக்கியைக்கூடச் சுவரில் வைக்காமல் கட்டிடம் கட்டியது யார்? அன்றைக்கு எட்டு வேலைகளை அவன் தலையில் கட்டியது யார்? "அண்ணே, இது சரியா வராது" என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயத்தை வளர்த்தது யார்? இத்தனை கேள்வியையும் ஒரே சொல்லில் மூடிவிடுவதுதான் கவனக்குறைவு என்ற தீர்ப்பு. அது விழுந்தவனை மட்டும் குற்றவாளியாக்கி மற்ற எல்லோரையும் விடுதலை செய்கிறது.

"ஐடிஐயில் படிச்சுட்டுத்தானே வர்றான், அங்கே சொல்லித்தந்திருப்பாங்களே" என்பார்கள். எலெக்ட்ரீஷியன் பிரிவும் குளிர்சாதனப் பிரிவும் இரண்டாண்டுப் படிப்புகள், பாடத்திட்டத்தின் தொடக்கத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் பட்டறையில் தரையில் வைத்த ஏசியில் கற்றதும், ஓர் அடுக்குமாடியில் வீட்டுக்காரர் பின்னால் நின்று "எவ்வளவு நேரம்ப்பா" என்று கேட்கும்போது செய்வதும் வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போட வேண்டியது வேலை தருகிறவரின் பொறுப்பு. மேலும், கடைகளில் ஹெல்பராகச் சேரும் எத்தனையோ பேர் ஐடிஐ வாசலை மிதிக்காதவர்கள், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு சித்தப்பா கூட வந்துவிட்டவர்கள்.

சட்டம் இதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநரைத் தொழிலாளி அல்ல என்று 18ஆம் பிரிவில் சொன்னாலும், ஆலையில் பழகும் அவருக்குத் தொழிலாளிக்கு உள்ள அதே உடல்நல, பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்று 14ஆம் பிரிவிலும், காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டியவர் வேலை தருகிறவரே என்று 16ஆம் பிரிவிலும் எழுதிவைத்தது. கற்க வந்தவனின் உடம்பும் உடம்புதான் என்று ஒப்புக்கொண்ட சட்டம். ஆனால் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டியவை 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள். மெக்கானிக் ஒருவர், ஹெல்பர் ஒருவர், பைக் ஒன்று என்று ஓடும் கடைப் பையனிடம் எந்தப் பழகுநர் ஒப்பந்தமும் இல்லை.

தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒயரிங் தொழிலில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். அனுபவத்தை மதிப்பது நல்லது. ஆனால் அந்த ஐந்து ஆண்டு முழுக்க அவன் கரண்டில் கை வைத்துக்கொண்டிருந்தானே, அதற்குள் நுழைகிற அன்று யார் அவனைச் சோதித்தார்கள்? கனடாவின் டொரண்டோவில் உள்ள வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் கண்டது இது: ஒரு வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் காயம்படும் வாய்ப்பு, ஓராண்டுக்கு மேல் அங்கேயே வேலை செய்தவரைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். ஆபத்து அதிகமாக இருப்பது முதல் மாதத்தில், நாம் சோதிப்பது ஐந்தாம் ஆண்டின் முடிவில்.

நேரமில்லை என்பது கடைசி வாதம், நேர்மையான வாதமும்கூட. மார்ச்சில் வெயில் ஏறும்போதுதான் கடைகள் ஆள் எடுக்கும். ஜூன் வரை சீசன். ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போயிற்று. அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் ஆள் புதிது, வேலை அவசரம், வியர்வை, ஈரம் எல்லாம் ஒரே மாதத்தில் கூடுகின்றன என்றால் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாத மாதமும் அதுவே. பிப்ரவரியில் இரண்டு நாள் ஒதுக்கினால் அடிப்படையைச் சொல்லித்தந்துவிடலாம். வகுப்பில் உட்காரவைத்து வீடியோ போட்டுக் கையெழுத்து வாங்கும் சடங்கை நான் கேட்கவில்லை. அதில் காப்பாற்றப்படுவது கோப்பு மட்டும்தான். மின்வாரிய ஊழியர்கள் லைன் கிளியர் வாங்கி, எர்த் ராடு போட்டுவிட்டு ஏறுகிறார்களே, அந்த ஒழுங்கு ஒவ்வொரு வேலையிலும் மூத்தவர் செய்துகாட்டிப் பையன் திருப்பிச் செய்வதாக இருக்க வேண்டும். அங்கேயும் விபத்து நடக்கிறதே என்று கேட்டால், அந்த ஒழுங்கை விட்டுவிட்ட நாட்களில் நடப்பதை எடுத்துப் பாருங்கள் என்பேன்.

பயிற்சியில் பாதி, விபத்து நடந்த பிறகு செய்வதும்தான். ஷாக் அடித்து விழுந்தவரின் உள்ளங்காலைத் தேய்ப்பது, மண்ணில் புதைப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. முதலில் மெயினை அணைக்க வேண்டும், அணைக்காமல் தொட்டால் இரண்டாவது ஆளும் விழுவார். மூச்சும் அசைவும் இல்லையென்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்திலும் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. இருவர் போகும் வேலையில் இருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள்: ஐந்தாண்டு கழித்து வைக்கும் தேர்வோடு, வேலையில் சேரும் முதல் வாரத்துக்கு ஒரு சின்னச் செய்முறைச் சோதனையும் வையுங்கள், கடை எவ்வளவு சிறியதானாலும். கடை முதலாளிகளே, ஹார்னஸும் மல்டிமீட்டரும் அந்த ரெசிஸ்டரும் இல்லாமல் பையனை அனுப்பாதீர்கள். வாசகர்களே, நாளை உங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க ஒரு பையன் வருவான். மெயினையும் இன்வெர்ட்டரையும் நீங்களே அணைத்துவிட்டு அவனிடம் சொல்லுங்கள். கயிறு கட்டாமல் சன்ஷேடில் இறங்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள். வேலை நாளைக்குத் தள்ளிப்போனால் போகட்டும், இன்றிரவு ஃபேனில் தூங்கிக்கொள்ளலாம்.